குப்பை மேட்டில் பிறக்கும் வாயு



நம் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலை அறியாதவர் நம்மில் இரார். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் அதைப் பாறையில் குடைவித்தான். அங்குள்ள கல்வெட்டில் அவன் தன் பெருமையைச் சொல்லும் விதம் விநோதமானது. எவற்றை வைத்துக் கட்டினான் என்று அவன் சொல்லவில்லை. எவை இல்லாமல் செய்தான் என்றே சொல்லுகிறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்புச் சாந்து இல்லை. நான்கு வஸ்துக்களையும் தனித்தனியே பெயர் சொல்லி எண்ணி விலக்கியிருக்கிறான்.

இன்று நம் வீட்டுக் குப்பைக் கூடையை எடுத்து அவ்விதமே எண்ணிப் பாருங்கள். காய்கறித் தோல், நேற்றைய சோறு, மீன் செதிள், வாழையிலை, பால் உறை, மாத்திரை அட்டை, உடைந்த கண்ணாடி, தீர்ந்துபோன பேட்டரி, குழந்தைக்குக் கட்டிய டயப்பர். எண்ணி முடியாத வஸ்துக்கள். ஆனால் எல்லாம் ஒரே கூடையில், ஒரே பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அந்தப் பை வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அதற்குப் பின் அது எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதுதான் இவ்வாரப் பாடம். அது போய்க் குவியும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு பிறக்கிறது. அதை எங்கே பிடிப்பது எளிது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டில் செய்யவேண்டியது தானே விளங்கும்.

1. அந்த வாயு யாது?

அதன் பெயர் மீதேன். நிறமில்லை, மணமில்லை, தீப்பட்டால் நீல நிறத்தில் எரியும். நம் பிள்ளைகள் அறியாமலே அதைக் கண்டிருக்கிறார்கள். ஏரியில் நீர் வற்றிய காலத்தில் கரையோரச் சேற்றைக் கம்பால் குத்தினால் குமிழி குமிழியாக மேலே வரும் அல்லவா? அந்தக் குமிழிகளில் பெரும்பங்கு மீதேனே.

இத்தாலி நாட்டு விஞ்ஞானி அலெஸ்ஸாந்திரோ வோல்டா 1776-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இதையேதான் செய்தார். மஜ்ஜோரே என்னும் ஏரியின் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பாத்திரத்தில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். மின்சாரத்தை நாம் இத்தனை வோல்ட் என்று அளப்பது இவருடைய பெயரால்தான். சேற்றில் மக்கிய இலை தழைகளிலிருந்தே இந்த வாயு வருகிறது என்பது அவருடைய சோதனைகளால் தெளிவாயிற்று.

2. குப்பை மேட்டில் அது உண்டாவது எப்படி?

இலை, காய், சோறு முதலியவற்றை மக்கச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இவற்றில் இரு வகுப்பு உண்டு. ஒரு வகுப்புக்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். மற்ற வகுப்புக்குப் பிராணவாயு ஆகாது. காற்றோட்டமாகக் கிடக்கும் குப்பையை முதல் வகுப்பு தின்று மக்கச் செய்யும்போது கரியமிலவாயுவும் நீராவியும் உஷ்ணமும் வெளிப்படுகின்றன. மிச்சம் நல்ல எருவாகிறது. நம் முன்னோர் சருகும் சாணமும் மாற்றி மாற்றிப் போட்டு, அடிக்கடி கிளறி, எருக்குழி அமைத்ததில் இருந்த சூட்சுமம் இதுவே.

குப்பையை மலைபோல் குவித்து, லாரிகளும் இயந்திரங்களும் அதன்மேல் ஏறி அழுத்தினால் உள்ளே காற்று புகாது. இருக்கும் கொஞ்சம் பிராணவாயுவும் சில நாட்களில் தீர்ந்துபோகும். அப்போது இரண்டாம் வகுப்பு நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் அழுகலைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. சில மாதங்களுக்குப் பின் அந்த அமிலத்திலிருந்து மீதேன் பிறக்கிறது. நன்றாக முதிர்ந்த மேட்டிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீதேன், மற்றப் பாதி கரியமிலவாயு. குப்பை கொட்டுவதை நிறுத்திய பிறகும் இது பல ஆண்டுகள் நீடித்து வந்துகொண்டேயிருக்கும். இன்று நாம் எறியும் சோறு, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் பெரியவர்களான பின்னும் அந்த மேட்டின் அடியில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

கல்லும் கண்ணாடியும் மீதேன் தருவதில்லை. பிளாஸ்டிக்கும் மக்காத காரணத்தால் இந்த வாயுவைத் தருவதில்லை. அதன் கெடுதி வேறு வகை. மீதேனுக்குத் தாய் நம் அடுப்பங்கரையிலிருந்து போகும் ஈரக் குப்பையே. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. இதனால் விளையும் கெடுதி என்ன?

கெடுதி இரண்டு வகை. ஒன்று அருகில் இருப்பவருக்கு; மற்றது உலகனைத்துக்கும்.

காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு முதல் பதினைந்து பங்கு வரை மீதேன் கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியைச் சேர்ந்த லாஸ்கோ என்னும் ஊரில் 1986-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி அதிகாலையில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளிருந்த மூவர் படுகாயமடைந்தனர். அவ்வீட்டின் கீழே எரிவாயுக் குழாய் கசியவில்லை. பக்கத்தில் மண்போட்டு மூடியிருந்த குப்பைக் கிடங்கிலிருந்து மீதேன் நிலத்தின் வெடிப்புகள் வழியாக ஊர்ந்து வந்து வீட்டுக்கடியில் சேர்ந்திருந்தது. அன்றிரவு ஆகாயத்தின் அழுத்தம் வெகுவாகக் குறைந்தபடியால், நிலத்துக்குள் இருந்த வாயு வழக்கத்தைவிட வேகமாக வெளியேறிவிட்டது.

இந்தோனேசியாவில் லியூவிகாஜா என்னும் இடத்திலிருந்த குப்பை மேடு 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி கனமழைக்குப் பின் சரிந்து நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்களைப் புதைத்தது. இலங்கையில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, புத்தாண்டு நாளிலேயே, குப்பை மேடு வீடுகள்மேல் சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். டெல்லியில் காஜிப்பூர் மேடு அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி சரிந்து இருவர் இறந்தார்கள். ஈரக் குப்பை நீர் கோத்து, உள்ளே வாயு அழுத்தமும் சேர்ந்தால் மேடு இளகிவிடுகிறது.

தீயோ அடிக்கடி நிகழ்வது. சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் பற்றிய தீ சில நாட்கள் புகைந்தது. கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் 2023-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி பற்றிய தீயை அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. நகரமே புகையில் மூச்சுத் திணறியது. கோயம்புத்தூர் வெள்ளலூர்க் கிடங்கிலும் 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீப்பிடித்தது. மேட்டிலிருந்து கசியும் மீதேன் இத்தகைய தீக்கு ஊட்டம். அதனாலேயே மேலே அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது.

இப்போது உலகனைத்துக்கும் வரும் கெடுதியைப் பார்ப்போம். சூரிய வெப்பத்தைப் பெற்ற பூமி அதைத் திரும்பவும் ஆகாயத்துக்கு விடுகிறது. சில வாயுக்கள் கம்பளிபோல் நின்று அந்த வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. கரியமிலவாயு ஒரு கம்பளி என்றால், மீதேன் மிகத் தடித்த கம்பளி. எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கும் மேல். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று காற்றில் மீதேன் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

எல்லாப் பழியும் குப்பைக்கு உரியதன்று. மாடுகளும் நீர் தேங்கிய நெல் வயல்களும் நிலக்கரி, எண்ணெய்க் கிணறுகளும் இதை விடுகின்றன. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதரால் உண்டாகும் மீதேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குப்பையிலிருந்தும் கழிவு நீரிலிருந்தும் வருகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கரியமிலவாயுவில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் நிற்கும். மீதேனோ ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துபோகிறது. ஆகவே இன்று அதைக் குறைத்தால் நம் ஆயுட்காலத்திலேயே பலன் தெரியும்.

4. அதைப் பிடிக்க முடியுமா?

முடியும். முறை இதுதான். நிரம்பிய மேட்டைச் சரிவு திருத்தி ஒழுங்காக்கி, களிமண்ணும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பும் மண்ணும் போட்டு மூடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதுபோல் ஆங்காங்கே துளையிட்டு, பக்கமெல்லாம் ஓட்டையுள்ள குழாய்களை இறக்கி, சுற்றிலும் ஜல்லி நிரப்புகிறார்கள். இக்குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, விசைக் காற்றாடியால் வாயுவை மெல்ல உறிஞ்சுகிறார்கள். கூடவரும் நீரை வடித்துவிட்டு, வாயுவை ஒரு தீக்கூண்டில் எரிக்கலாம். போதிய அளவு கிடைத்தால் இயந்திரத்தில் விட்டு மின்சாரமும் எடுக்கலாம்.

எரித்தாலும் கரியமிலவாயு வருமே, அதில் என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ மீதேனை அப்படியே விட்டால் அது 28 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமான கெடுதி செய்யும். அதையே எரித்தால் உண்டாவது 2¾ கிலோ கரியமிலவாயு மட்டுமே. கெடுதி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

நம் தேசத்தில் இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் பம்பாயிலுள்ள கோராய்க் கிடங்கு. 1972-ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு கடற்கழியின் ஓரத்தில் குப்பை கொட்டி வந்தார்கள். சுமார் 20 ஹெக்டேர் நிலத்தில் 23 லட்சம் டன் குப்பை, சராசரி 26 மீட்டர் உயரத்துக்குக் குவிந்தது. எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி 2007-ஆம் ஆண்டில் அங்கே கொட்டுவதை நிறுத்தி, 2009-ஆம் ஆண்டுக்குள் மேட்டை மூடி, குழாய்கள் இறக்கி, புல் வளர்த்தது. வாயுவைப் பிடித்து எரிப்பதனால் குறையும் கெடுதியைக் கணக்கிட்டு, அதற்கு ஈடாகப் பணம் பெறும் சர்வதேச ஏற்பாடு அப்போது இருந்தது. அதை நம்பி ஆசிய வளர்ச்சி வங்கி முன்பணமும் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் துர்நாற்றத்தையும் புகையையும் சகித்த அக்கம்பக்கத்தார் பச்சைப் புல்மேட்டைக் கண்டார்கள்.

5. அப்படியானால் எல்லாக் கிடங்குகளிலும் குழாய் இறக்கினால் போதாதா?

போதாது. உலகின் பல கிடங்குகளில் குழாய் இறக்கியவர்கள், தாங்கள் கணக்கிட்டதைவிடக் குறைந்த வாயுவையே கண்டார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. நம்மைப்போன்ற உஷ்ண நாடுகளில் ஈரக் குப்பை வெகு சீக்கிரம் அழுகுவதால், மேட்டை மூடிக் குழாய் போடுவதற்குள் வாயுவில் பெரும்பங்கு பறந்துபோகிறது. மழைக்காலத்தில் குழாய்களில் கழிவு நீர் ஏறி அடைத்துக்கொள்கிறது. மூடாத மேட்டின் மேற்புறமெல்லாம் வாயு கசிகிறது. உறிஞ்சினால் வாயுவோடு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. இடையிடையே தீப்பிடித்து எரிவதும் உண்டு.

சென்னைக் கிடங்குகளில் நடந்த ஓர் ஆய்வு 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெருங்குடியில் ஒரு சதுர மீட்டர் நிலத்திலிருந்து மணிக்கு வெளிவரும் மீதேனை அளந்தார்கள். ஓரிடத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வேறோரிடத்தில் 433 மில்லிகிராம். ஒரே கிடங்கிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், குழாயை எங்கே இறக்குவது, எத்தனை இறக்குவது?

பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் சுமார் 225 ஏக்கர் பரப்பில் பல்லாண்டுகளாகக் குவிந்தது. அண்மை ஆண்டுகளில் அப்பழங்குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு என்று பிரித்து நிலத்தை மீட்கும் வேலை பல கோடி ரூபாய்ச் செலவில் நடந்து வந்திருக்கிறது. கொடுங்கையூரிலும் அவ்விதமே. ஒரு கணம் யோசியுங்கள். ஒவ்வொரு வீட்டுத் தாயும் ஒரு நிமிஷத்தில், செலவின்றிப் பிரித்திருக்கக்கூடியதை, முப்பது வருஷம் கழித்து இயந்திரங்கள் கோடிக்கணக்கில் பணம் விழுங்கிப் பிரிக்கின்றன. அதற்குள் அதிலிருந்த மீதேன் பெரும்பாலும் ஆகாயத்துக்குப் போய்விட்டது.

6. வாயுவைப் பிடிக்க எளிதான இடம் எது?

இதற்கு விடை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஈரக் குப்பை கிடங்குக்குப் போகுமுன் பிடிப்பதே எளிது.

மூடிய தொட்டியில் ஈரக் குப்பையை மட்டும் இட்டால், மேட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். வாயுவும் பெரும்பாலும் வீணாகாமல் குழாய் வழியே வரும். சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் ஆலை ஒன்று 2005-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரில் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைக் கொண்டு 17,000 கிலோ எரிவாயு தரும் திறனுடையது. அந்த வாயுவால் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன, மிச்சம் எருவாகிறது.

இந்தூரில் இது கைகூடியதற்கு இயந்திரம் மாத்திரம் காரணமன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்நகரத்தார் வீட்டுக்கு வீடு ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் தனித்தனியே கொடுக்கப் பழகிவிட்டார்கள். தொட்டியில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மருந்தும் கலந்தால் இயந்திரம் அடைபடும், நுண்ணுயிர்கள் சாகும். ஆகவே ஆலையின் முதல் பாகம் நம் சமையலறையில்தான் இருக்கிறது.

நம் அரசாங்கச் சட்டமும் இதையே சொல்லி வந்திருக்கிறது. நகரக் குப்பை பற்றி 2000-ஆம் ஆண்டில் வந்த விதிகளே, மக்கும் குப்பையை நிலத்தில் புதைக்கக் கூடாது, மக்காததை மட்டுமே புதைக்கலாம் என்று கூறின. 2016-ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு வீட்டாரும் மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று கடமையாக்கின. சட்டம் தாளில் இருந்தது. கூடை பழையபடியே இருந்தது.

7. நம் வீட்டில் செய்வது எப்படி?

நாம் கிராமத்தார். நமக்கு இந்தூர் ஆலை வேண்டியதில்லை. கொல்லைப்புறம் இருக்கிறது, சருகு இருக்கிறது, பலர் வீட்டில் மாடும் இருக்கிறது.

முதலாவது: இரண்டு கூடை வையுங்கள். தோல், சோறு, இலை, செதிள், தேயிலைச் சக்கை ஒன்றில். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம் மற்றதில். பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து இவற்றைக் குழந்தைகள் கைக்கெட்டாமல் தனியே கட்டி வையுங்கள். டயப்பர் போன்றவற்றையும் தனியே சுற்றிக் கொடுங்கள்.

இரண்டாவது: மாட்டுக்கு ஆகும் தோலையும் கழுநீரையும் மாட்டுக்கே கொடுங்கள். ஆனால் ஒருபோதும் பிளாஸ்டிக் பையோடு எறியவேண்டாம். மாடு பையையும் சேர்த்து விழுங்கும். வயிறு அடைத்து வாயில்லாச் சீவன் வதைபட்டுச் சாகும்.

மூன்றாவது: மிச்சத்துக்கு எருக்குழி. மழைநீர் தேங்காத மேட்டிடத்தில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போதும். அடியில் சுள்ளிகள் பரப்புங்கள். ஒரு கூடை ஈரக் குப்பை போட்டால், அதன்மேல் ஒன்றிரண்டு கூடை சருகோ வைக்கோலோ போட்டுக் கொஞ்சம் சாணக் கரைசலும் பழைய எருவும் தூவுங்கள். வாரம் ஒருமுறை நன்றாகக் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் சொட்டக்கூடாது. சொட்டினால் சருகு சேருங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். துர்நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அறிந்து உடனே கிளறுங்கள். கிளறாமல் நீர் தேங்கவிட்ட குழி, சிறிய குப்பைக் கிடங்கே. இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கறுத்த எரு கிடைக்கும்.

நான்காவது: நாலைந்து மாடு வைத்திருப்பவர்கள் சாண எரிவாயுக் கலத்தைப் பற்றி யோசிக்கலாம். 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பத் தொடங்கிய பழைய ஏற்பாடுதான் இது. நாளொன்றுக்கு 50 கிலோ சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஏறக்குறைய 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஐந்துபேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு ஏறத்தாழப் போதும். வெளிவரும் சாந்து வயலுக்கு உரம். ஆனால் கலத்திலும் குழாயிலும் கசிவு இருக்கலாகாது. சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. வாயு கசியும் கலம் உபகாரத்துக்குப் பதில் அபகாரம் செய்யும். கலத்துக்குள்ளும் மூடிய தொட்டிகளுக்குள்ளும் பழகாதவர் எக்காரணம் கொண்டும் இறங்கவேண்டாம். உள்ளே பிராணவாயு இராது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட துக்கங்கள் நம் நாட்டில் அநேகம்.

8. சில ஆட்சேபணைகள்

“குப்பையைக் கொளுத்திவிட்டால் வாயுவே வராதே?” என்பார் சிலர். ஈரக் குப்பை சரியாக எரியாது; புகையும். பிளாஸ்டிக்கோடு எரித்தால் விஷப் புகை எழும். அதை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடும் குழந்தையே. ஆகவே கொளுத்துவது பரிகாரமன்று.

“தூய்மைக் காவலர் வந்து எல்லாவற்றையும் ஒரே வண்டியில்தானே கொட்டுகிறார்?” என்பார் வேறு சிலர். சில ஊர்களில் இது மெய்தான். பஞ்சாயத்தாரிடம் மரியாதையுடன் கேட்டுத் தனித்தனி வாளி வைக்கச் செய்வது நம் உரிமை. ஆனால் நம் ஈரக் குப்பை நம் கொல்லையிலேயே எருவாகிவிட்டால் எந்த வண்டிக்கும் நாம் காத்திருக்கவேண்டியதில்லை.

“என் ஒரு வீட்டுத் தோலால் உலகம் சூடாகிவிடுமா?” இதுவே பெரிய ஆட்சேபணை. கணக்குப் போடுவோம். ஒரு குடும்பம் நாளுக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை எறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு குடும்பம் ஒரு வருஷத்தில் எறிவது 18 டன். ஆழமான கிடங்கில் ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து, சர்வதேசக் கணக்கு முறைப்படி, ஏறக்குறைய 50 கிலோ மீதேன் வரை வரக்கூடும். ஆழமில்லாத மேட்டில் அதில் பாதிக்கும் குறைவு. ஆழ்ந்த கிடங்கானால் நூறு குடும்பத்தின் பங்கு 900 கிலோ. எடையில் இது அறுபதுக்கு மேற்பட்ட சமையல் சிலிண்டர்களிலுள்ள வாயுவுக்குச் சமம். அத்தனை சிலிண்டர்களையும் திறந்து காற்றில் விட நம்மில் யாருக்காவது மனம் வருமா? தோலாகப் போகும்போது மட்டும் அது நமக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். குப்பை மேடு வசதியுள்ளவர் வீட்டருகில் எழும்புவதில்லை. அதன் நிழலில் வாழ்பவர்கள் ஏழைகள். அதன்மேல் ஏறி இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைப்பவர்கள் அவர்களிலும் ஏழைகள். மீதொட்டமுல்லையில் புதையுண்டவர்கள் அந்த மேட்டுக்குத் தங்கள் குப்பையை மாத்திரம் அனுப்பியவர்களல்ல; ஒரு நகரத்தின் குப்பை அவர்கள்மேல் விழுந்தது. நாம் முடிச்சுப் போட்ட பையை யாரோ ஒருவர் வெறுங்கையால் பிரிக்கிறார்; அதிலுள்ள கண்ணாடி அவர் கையைக் கிழிக்கிறது. பிறர்சிநேகம் என்பது அடுப்பங்கரையில் இரண்டு கூடை வைப்பதிலும் அடங்கும் என்பதை மறவாதிருப்போமாக.

வீட்டில் கூடிப் பேசுவதற்கு வினாக்கள்

1. காற்றோட்டமுள்ள எருக்குழியில் மீதேன் ஏன் பெரும்பாலும் உண்டாவதில்லை?
2. மீதேனை எரித்தால் கரியமிலவாயு வந்தபோதிலும் அது ஏன் லாபம்?
3. கோராய்க் கிடங்கில் செய்ததை மூடாத மேட்டில் செய்வது ஏன் கடினம்?
4. நம் ஊர்த் திருவிழா விருந்திலும் கல்யாணத்திலும் மிஞ்சும் எச்சில் இலையும் சோறும் இப்போது எங்கே போகின்றன? எங்கே போகவேண்டும்?

இவ்வாரத் தீர்மானம்

ஏழு நாள் மாத்திரம், வீட்டின் ஈரக் குப்பையைத் தனிக் கூடையில் சேர்ப்போம். பிள்ளைகள் தினமும் அதை நிறுத்து ஒரு தாளில் எழுதட்டும். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அதை 52-ஆல் பெருக்குங்கள். நம் ஒரு வீடு ஒரு வருஷத்தில் எந்த மேட்டுக்கு எவ்வளவு அனுப்பி வந்தது என்று தெரிந்துவிடும். அதைக் கண்டபின், கொல்லையில் குழி வெட்ட மண்வெட்டி எடுக்கும்படி தகப்பன்மாரிடம் யாரும் இரண்டாம் முறை சொல்லவேண்டியிராது.